மேலே எறிந்த பந்து: ‘வி’ வடிவம் ஏன் தப்பு?

“பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். திசைவேகம்–நேரம் வரைபடம் வரையச் சொன்னார்கள். வேகம் குறைந்து, உச்சியில் பூஜ்ஜியமாகி, திரும்பவும் கூடுகிறது என்பதால் ‘வி’ எழுத்து மாதிரி வரைந்தேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். ஏன்?” என்று பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேகம்–நேரம் என்று கேட்டிருந்தால் அந்த ‘வி’ சரியான விடை. கேட்டதோ திசைவேகம், அதில் திசையும் சேர்ந்தே வரும். பென்சிலை எடுப்பதற்கு முன்பே தாளின் ஓரத்தில் ‘மேல்நோக்கி கூட்டல், கீழ்நோக்கி கழித்தல்’ என்று எழுதிவிடுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே காணாமல் போகும்.

கணக்குச் சுலபமாக இருக்க, புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ 10 என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வினாடிக்கும் திசைவேகத்தில் 10 குறையும்: 20, 10, 0, −10, −20. இந்த ஐந்து புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைத்துப் பாருங்கள். ஒரே நேர்க்கோடு. 2-ஆவது வினாடியில் கிடை அச்சை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது, எங்கேயும் மடங்குவதில்லை.

‘உச்சியில் பந்து நிற்கிறதே, அங்கே முடுக்கமும் பூஜ்ஜியம்தானே?’ நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் வழுக்குகிற இடம் இது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 1.9 வினாடியில் திசைவேகம் +1. 2.1 வினாடியில் −1. 0.2 வினாடிக்குள் 2 குறைந்திருக்கிறது. அப்படியென்றால் வினாடிக்கு 10. முடுக்கம் உச்சியிலும் −10தான். அது பூஜ்ஜியமாகவே இருந்துவிட்டால் பந்து அந்தரத்தில் நின்றுவிடும், இறங்கவே இறங்காது. ஆகவே முடுக்கம்–நேரம் வரைபடம், −10-இல் போடும் ஒரு கிடைக்கோடு. அவ்வளவுதான்.

உயரத்தின் வரைபடத்துக்கு ஸ்கேல் உதவாது. புள்ளிகள் 0, 15, 20, 15, 0 மீட்டர். கையால் வளைவாக இணைத்தால் கவிழ்ந்த பரவளையம் கிடைக்கும். பந்து வளைந்து போவதாக இதைப் பார்த்து நினைத்துவிடாதீர்கள். பந்து ஒரே செங்குத்துக் கோட்டில்தான் ஏறி இறங்குகிறது. தாளில் வலப்பக்கம் நகர்வது நேரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: பயணம் மொத்தம் 4 வினாடி, அதில் 2 வினாடி மேலே உள்ள 5 மீட்டருக்குள்ளேயே கழிகிறது. உச்சியில் பந்து மிதப்பது போலக் கண்ணுக்குப் படுவது இதனால்தான். வளைவின் தலைப்பகுதியைக் கூர்மையாக வரைந்தால் மதிப்பெண் போவதும் இதனால்தான்.

வரைந்தது சரியா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம். திசைவேகக் கோட்டுக்குக் கீழே முதல் 2 வினாடியில் ஒரு முக்கோணம் இருக்கிறது. அதன் பரப்பளவு ½ × 2 × 20 = 20. பந்து எட்டிய உயரமும் அதே 20 மீட்டர்.

இவையெல்லாம் காற்றுத் தடையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு. இறகுப்பந்தை எறிந்தால் ஏறுவதைவிட இறங்க அதிக நேரம் பிடிக்கும், வரைபடமும் சமச்சீராக இருக்காது.

அப்புறம், தேர்வில் இதையே ‘25 மீட்டர் உயர மாடியின் விளிம்பில் இருந்து எறிந்தால்?’ என்று மாற்றிக் கேட்பதுண்டு. புதிதாக எதுவும் வரைய வேண்டாம். அதே திசைவேகக் கோட்டை இன்னும் ஒரு வினாடி நீட்டுங்கள்: 5-ஆவது வினாடியில், −30-இல், பந்து தரையைத் தொடும்.