முக்கியஸ்தருக்கு முதல் ஊசியா?

கேள்வி: ஃப்ளூ காய்ச்சல் வேகமாகப் பரவுகிறது, தடுப்பூசியோ கொஞ்சம்தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஊர் முக்கியஸ்தர்களுக்குப் போடுவதுதானே முறை? – வாசகர் ஒருவர், காவேரிப்பட்டணம்

பதில்: யார் முக்கியஸ்தர், அதை முதலில் சொல்லுங்கள். ரவுண்டானா ஃப்ளெக்ஸைப் பார்த்து முடிவு செய்வதானால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் முக்கியஸ்தர் அல்லாத ஆளே கிடையாது. ஒரு காதுகுத்துக்கு முப்பது முகம். அதில் மூலையில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு போஸ் கொடுக்கிறாரே, அவரிடம் போய் ‘உங்களுக்கு இரண்டாம் சுற்றில்தான்’ என்று எந்த டாக்டர் சொல்வது? பரிவட்டம் யாருக்கு முதலில் என்ற சண்டையில் திருவிழாவையே நிறுத்திவைத்த ஊர்க்காரர்கள் நாம். ஊசியிலும் முதல் மரியாதை பார்க்க ஆரம்பித்தால் மருந்து ஐஸ் பெட்டியிலேயே காலாவதியாகிவிடும்.

2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது அமெரிக்காவில் ஒரு பட்டியல் போட்டார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீட்டார், ஆஸ்பத்திரி ஊழியர்கள், ஆறு மாதக் குழந்தை முதல் 24 வயதுக்காரர் வரை, அப்புறம் சர்க்கரை, ஆஸ்துமா மாதிரி நோயுள்ள நடுவயதுக்காரர்கள். 65 தாண்டியவர்கள் பின்னால்தான். பெரியவர்களை மதிக்காமல் இல்லை. அவர்கள் இளவயதில் பார்த்த பழைய ஃப்ளூ ஒன்று உடம்பில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியை விட்டுவிட்டுப் போயிருந்தது. வழக்கமான ஃப்ளூ என்றால் அதே பெரியவர்கள் முன்னுக்கு வந்துவிடுவார்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. கர்ப்பத்திலேயே தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கும் சேர்த்துக் காப்பு. பட்டியல் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நவம்பரில் நியூயார்க்கின் பெரிய வங்கிகள் சிலவற்றுக்கும் மருந்து போய்ச் சேர, ஊரே கொதித்தது. முக்கியஸ்தர்கள் அங்கேயும் உண்டு!

என்னைக் கேட்டால் முதல் ஊசி அஞ்செட்டிப் பக்கம் மலைக் கிராமங்களுக்குப் போகும் நர்சம்மாவுக்கு. இருமுகிற கிழவரைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுத் திண்ணையில் பச்சைக் குழந்தையை எடை போடுகிறவர். அவர் படுத்துவிட்டால் மீதி ஊசியை யார் போடுவது? 2021-இல் கொரோனா ஊசியையும் நம் நாட்டில் சுகாதாரப் பணியாளர்களிடமிருந்துதானே தொடங்கினார்கள்.

ஏன் பற்றாக்குறை என்கிறீர்களா? ஃப்ளூ தடுப்பூசி பெரும்பாலும் கோழி முட்டையில் தயாராகிறது. எந்த வைரஸ் என்று முடிவு செய்து மருந்து கைக்கு வர ஆறு மாதம் போல ஆகும். பக்கத்து நாமக்கல்லில் முட்டை கொட்டிக் கிடக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கென்றே தனிக் கண்காணிப்பில் வளர்க்கும் கோழிகளின் கருவுள்ள முட்டை வேண்டும். ஆம்லெட் முட்டை ஆகாது.

மற்றபடி, காத்திருப்பதைப் பற்றிக் கிருஷ்ணகிரிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பத்தூரிலிருந்து இங்கே 1905-இல் ரயில் வந்தது, 1941-இல் நிறுத்தினார்கள். 2004-இல் மாவட்டத் தலைநகரம் ஆனோம், ரயிலைத்தான் காணோம். இதை நான் எழுதும்போதெல்லாம் ‘எங்கள் ஊருக்கு வந்து ஏறிக்கொள்ளுங்களேன்’ என்று ஓசூர் வாசகர்கள் கார்டு போடுகிறார்கள். ஐயா, ஓசூர் வரை ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிறவன், அப்படியே உட்கார்ந்திருந்தால் பெங்களூருக்கே போய்விடுவானே!