கிரீடமும் வேண்டாம், டொனேஷன் சீட்டும் வேண்டாம்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த கையோடு உங்கள் பொண்ணு ஓசூர் ஓட்டல் ஒன்றில் நடந்த அழகிப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் தூக்கமில்லை. மாநில இறுதிச்சுற்று, பயிற்சி, போட்டோ ஆல்பம் என்று நடத்தியவர்கள் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பியோ, "இந்தக் கூத்தெல்லாம் வேணாம்க்கா, தெரிஞ்ச காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கிடலாம், டொனேஷன் நாலு லட்சம்தான்" என்கிறார். பொண்ணு சினிமா என்கிறாள். நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் "கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினால், மாங்காய் சீசன் முடிவதற்குள் உங்கள் தோப்பு அடமானத்துக்குப் போய்விடும். அதனால் நேராகவே சொல்கிறேன். இரண்டுக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

முதலில் ஒன்றரை லட்சம். உங்கள் பொண்ணுக்கு 18 முடியவில்லை. 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அதனால்தான் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். போட்டால், பணத்துக்கும் நிபந்தனைக்கும் பொறுப்பு உங்கள் தலையில். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: சினிமாவில் நடிப்பவருக்குத்தான் சம்பளம். நடிக்க வைக்கிறேன் என்று உங்களிடமே பணம் கேட்பவர் எந்தப் பெயரில் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடலாம். வாய்ப்புத் தேடுபவளுக்கு ஆல்பம் வேண்டாம். பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று, போனிலேயே எடுக்கலாம். நடிகர் தேர்வு செய்பவர்கள் பார்க்க விரும்புவது வெறும் முகத்தைத்தான்.

அழகிப் பட்டம் வாங்கியவர்களின் வாழ்க்கையைப் பொண்ணு வீடியோவில் இரண்டு நிமிடத்தில் பார்க்கிறாள். காலண்டரை வைத்துப் பாருங்கள். ஐஸ்வர்யா ராய் உலக அழகியானது 1994ல். மணிரத்னத்தின் 'இருவர்' மூலம் திரைக்கு வந்தது 1997ல். உலகப் பட்டம் கையிலிருந்தும் மூன்று வருஷம். பிரியங்கா சோப்ரா 2000ல் பட்டம் வாங்கி, 2002ல் ஒரு தமிழ்ப் படத்தில்தான் அறிமுகமானார். த்ரிஷா மிஸ் சென்னை ஆனது 1999ல். கதாநாயகியாக முதல் படம் வந்தது 2002ல். மானுஷி சில்லர் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது 2017ல் உலக அழகியானார். அவருடைய முதல் படம் 2022ல். நம் திருச்சிப் பொண்ணு அனுகீர்த்தி வாஸ் 2018ல் மிஸ் இந்தியா, தமிழில் கதாநாயகியாக வந்தது 2022ல். ஜெயித்தவர்களுக்கே இத்தனை வருஷம். அந்த வருஷங்களில் வாடகை, சாப்பாடு, உடை, பயணம் எல்லாம் யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார்கள். அந்த யாரோவாக இருக்க உங்களால் முடியாது. மாந்தோப்புக் குத்தகையில் வருவது வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் பூ நின்றால்தான்.

இனி உங்கள் தம்பி. அக்கா மகள் மேல் அவருக்கு அக்கறை இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கணக்கில் 41 மார்க் வாங்கியவளை நாலு வருஷம் கணக்கோடு கட்டிப்போடுகிறார். டொனேஷன் நாலு லட்சம் என்பது வாசல் கட்டணம் மட்டும். வருஷக் கட்டணம், விடுதி, லேப்டாப் எல்லாம் அதற்குமேல். இரண்டாம் வருஷம் அரியர் குவிந்து பொண்ணு வீட்டுக்குத் திரும்பினால், அந்த டொனேஷனுக்குக் கையில் ரசீதுகூட இருக்காது. "இஞ்சினியர்னாதான் நல்ல சம்பந்தம் வரும்" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் இருக்கும் வீட்டுக்கு வருகிற சம்பந்தம் எப்படிப் பேசும் என்று அவருக்கும் தெரியும்.

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் பொண்ணைப் பற்றி நிஜமாகச் சொல்வது இரண்டே வரி. பள்ளி ஆண்டு விழாவில் 14 பிள்ளைகளுக்கு அவள்தான் மேக்கப் போட்டாள். ஊரில் பாரதக் கூத்து நடக்கும்போது மேடைக்கு முன்னால் உட்காராமல், வேஷம் கட்டும் இடத்திலேயே விடிய விடிய நிற்கிறாள். கூடவே, ஓசூர் போட்டியில் தன்னோடு போட்டியிட்ட மூன்று பேருக்கும் அவளே கண் வரைந்துவிட்டாள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தன்னை எதிர்த்து மேடை ஏறுகிறவளுக்கு மை தீட்டிவிடுகிற பிள்ளைக்குக் கிரீடத்தின் மேல் அவ்வளவு ஆசை இல்லை. அவள் ஆசை முகத்தின் மேல். அதைக் கேட்டுப் பாருங்கள். "நடிக்கணுமா?" என்று கேட்காதீர்கள். "அங்க உனக்கு எது பிடிச்சது?" என்று கேளுங்கள்.

ஒப்பனை ஒரு தொழில். இந்திப் படவுலகில் பெண்கள் முடி அலங்காரம் செய்யலாம், மேக்கப் போடக்கூடாது என்று மும்பை ஒப்பனைக் கலைஞர் சங்கம் பல வருஷம் தடுத்து வைத்திருந்தது. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஆகவே அங்கே திரைப்பட ஒப்பனையில் பெண்களுக்கான கதவு அப்போதுதான் திறந்தது. நம் மாவட்டத்துப் பெற்றோர் இதைப் 'பார்லர் வேலை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

இது தோலைப் படிக்கும் வேலை. முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷனின் நிறத்தைக் கையின் மேல் தடவிப் பார்த்து எடுத்தால் தவறாகும். தாடையோரம் தடவி, வெயில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நம் மாநிறத்துக்கு அடியில் மஞ்சள் ஓடும், சிலருக்குச் சிவப்பு ஓடும். ரோஸ் சாயல் கிரீம் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். கண்ணடிக் கருவளையத்தின் மேல் வெளிர் நிற மறைப்புக் கிரீமை (கன்சீலர்) நேராகப் போட்டாலும் அதே சாம்பல்தான். முதலில் கருமையைச் சரிக்கட்டும் ஆரஞ்சு சாயல் கரெக்டரை மெலிதாகத் தட்டி, அதன் மேல்தான் தோல் நிறம். ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும் சிலிக்கான் பிரைமர் காய்வதற்குள் தண்ணீர் அடிப்படையிலான ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் அழுக்கு உருண்டை மாதிரித் திரளும். சிலிக்கா அதிகமுள்ள பவுடர் கண்ணாடியில் அழகாகத் தெரியும், ஃபிளாஷ் அடித்தால் போட்டோவில் வெள்ளைத் திட்டாக விழும். கல்யாண ஆல்பம் பாழாகி மணப்பெண் வீட்டார் சண்டைக்கு வருவது இதனாலும்தான். போட்டு முடித்ததும் போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் தப்பிக்கலாம்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பார்க்காமல் யார் முகத்திலும் புதுப் பொருள் போடக்கூடாது. தலைச்சாயம் என்றால் 48 மணி நேரம். லிப்ஸ்டிக்கைக் குச்சியோடு உதட்டில் வைக்கக்கூடாது, சுரண்டித் தகட்டில் எடுத்துப் பிரஷ்ஷால் போட வேண்டும். மஸ்காரா பிரஷ் ஆளுக்கு ஒன்று. ஒருவருக்குக் கண்வலி இருந்தால் பந்திக்குள் நாலு பேருக்குப் பரவும். பிரஷ்களைக் கழுவிப் படுக்க வைத்துக் காயவைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடிக்கு இறங்கிப் பசை விட்டு முடி உதிரும். கூத்துக்காரர்கள் சொல்லும் அரிதாரம் என்ற சொல்லே ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமத்தின் பெயர், நஞ்சு. முகத்தில் எது படலாம், எது கூடாது என்ற அறிவு இந்தத் தொழிலின் அடித்தளம்.

சினிமாவுக்குப் போனால் வேறொரு பாடம். ஒரே காட்சியின் முதல் பாதியை ஜனவரியிலும் மறுபாதியை மார்ச்சிலும் எடுப்பார்கள். பொட்டு எங்கே இருந்தது, மை எவ்வளவு தடிமன், வியர்வை எந்தப் பக்கம் என்று காட்சி எண் போட்டு, மூன்று கோணத்தில் படம் எடுத்து, நோட்டில் எழுதி வைப்பவளுக்கு அடுத்த படம் நிச்சயம். அடிபட்ட காயம் முதல் நாள் சிவப்பு, அடுத்து ஊதா கலந்த நீலம், பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள் என்று மாற வேண்டும். வயதான முகம், வெட்டுக்காயம் செய்ய முகத்தை அச்செடுப்பார்கள். ஆல்ஜினேட் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் சில நிமிடத்தில் இறுகும். வெந்நீர் என்றால் இன்னும் சீக்கிரம். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் குளிர்ந்த தண்ணீர் எடுக்காவிட்டால் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் குறைவு. ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் காஸ்மெடாலஜி (அழகுக்கலை) என்று ஒரு வருஷப் பிரிவு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், மத்திய அரசு அங்கீகரித்த சான்றிதழ் கிடைக்கும். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இல்லை என்பதால், கிருஷ்ணகிரி மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எந்த ஊரில் இடமும் விடுதியும் இருக்கிறது என்று கேட்டு, அதை முதல் விருப்பமாகப் போடுங்கள். அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வரும். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் சேரும். டிகிரி இல்லையே என்று உறவினர் கேட்டால், தொலைநிலையில் பி.ஏ. ஒன்றை இதோடு படிக்கலாம். 18 முடிந்ததும் வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு மாத அழகுக்கலைப் பயிற்சியும் உண்டு. அது இலவசம், சாப்பாடும் அங்கேயே.

படிக்கும்போதே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ கல்யாண வேலை செய்யும் ஒரு அக்காவிடம் உதவியாளாகப் போகட்டும். நாலரை மணி முகூர்த்தம் என்றால் இரவு ஒன்றரைக்கு வேலை ஆரம்பம். போகவர ஆள் துணை வேண்டும், அதை முதலிலேயே பேசி வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது, புரட்டாசியும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து மற்ற மாதங்களில் எடுத்து வைக்கப் பழக வேண்டும். முதல் மேக்கப் பெட்டிக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். தனியாகத் தொழில் தொடங்கும்போது, சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனில் முதல் படி 50,000 ரூபாய் வரை. சென்னையில் பெரிய படங்களுக்குச் சங்க அட்டை தேவைப்படும். அதை இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில், அவள் சம்பாத்தியத்தில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று எழுதியிருக்கிறீர்களே, மூன்று ஊர்ப் படப்பிடிப்பிலும் நடிகையிடம் அவள் மொழியிலேயே பேசக்கூடிய ஒப்பனைக்காரி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. நடிக்கும் ஆசை பிறகும் இருந்தால், கேமரா பக்கத்தில் நிற்பவளுக்கு அந்த வழி அடைத்துவிடாது. ஆனால் அதற்கும் உங்கள் தோப்பிலிருந்து பணம் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை இருக்கிறது. மார்க் சீட்டையும் டி.சி.யையும் "சரிபார்க்க" என்று தம்பி பெங்களூருக்கு எடுத்துப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கல்லூரியில் கொடுத்திருந்தாலும், மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை கிடையாது. ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு அசல் கட்டாயம் வேண்டும். அவர் கொண்டுவரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களும் பொண்ணும் நேரில் போய், கையெழுத்துப் போட்டு வாங்கி வாருங்கள்.