காக்கையைத் தவிர ஒன்றுமில்லையா?

வணக்கம் ஐயா. விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டதிலிருந்து தினமும் பறவைகளைக் குறித்து வந்தேன். கத்திரி வெயில் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். வெளியே போனால் காக்கை, மைனா, தவிட்டுக்குருவி தவிர ஒன்றுமில்லை. இரவில் மாடி விளக்குக்கு அந்துப்பூச்சிகள் வருகின்றன. அவற்றைப் பதிவு செய்ய என்ன கேமரா வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,

கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போனே போதும். மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி விளக்கைப் போட்டால் பூச்சிகள் வந்து உட்காரும். பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தை ஏற்றுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதை விடுங்கள்.

மூன்று பறவைகளின் பெயரை எழுதிவிட்டு, எப்படித் தம்பி ஒன்றுமில்லை என்கிறீர்கள்? படித்ததும் கோபம்தான் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு வேப்பமர நிழலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காக்கை அலகைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், படபடவென்று மூச்சு வாங்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் ஈரத்தைக் காற்றில் விட்டுத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காக்கைக் கூட்டில் குயில் முட்டை வைப்பதும் இந்த மாதங்களில்தான். இதெல்லாம் குறிப்பு இல்லையா?

2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. 30,000க்கும் மேற்பட்டவர்கள் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் எழுதிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துச் செய்தது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்து வருகிறது, மயிலும் குயிலும் பெருகியிருக்கின்றன என்று அதில் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? 'பனங்காடை 2' என்று சலிக்காமல் எழுதினார்கள். பனங்காடை கண்ணில் படாத நாளிலும் பார்த்த காக்கையையும் மைனாவையும் எழுதினார்கள். பனங்காடை கண்ணில் படவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலும் சாட்சிதான். நீங்கள் மே மாதத்தை விட்டுவிட்டால், உங்கள் ஊரில் பறவை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு டியூப்லைட் எரியும். கோடை மழை பெய்த மறுநாள் காலையில் அதன் கீழே செத்துக் கிடக்கும் பூச்சிகளை அம்மா முறத்தில் கூட்டி அள்ளுவாள். கோழிகள் அவளைச் சுற்றிச் சுற்றி வரும். ஒருநாள் அந்தக் குவியலில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பூச்சி ஒன்று உயிரோடு இருந்தது. இறக்கையில் வெளிறிய ரோஸ் நிறக் கோடுகள். அம்மா அதை விரலில் ஏற்றி அரளிச் செடியில் விட்டாள். அரளி இலையைத் தின்று வளர்கிற பூச்சிதான் அது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இன்று அதே திண்ணையில் எல்இடி பல்பு. நாலைந்து பூச்சி வந்தால் அதிகம். பூச்சி குறைந்துவிட்டதா, எல்இடியில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லாததால் வரவில்லையா? என்னால் சொல்ல முடியவில்லை. எந்த வருஷம் பல்பை மாற்றினோம் என்றுகூட நான் எழுதி வைக்கவில்லை. அம்மாவைக் கேட்கலாம் என்றால், அவளும் இல்லை.

அதனால் உங்கள் மாடியில் இருப்பது என்ன பல்பு, எத்தனை வாட், எத்தனை மணியிலிருந்து எரிகிறது, நிலா இருந்ததா, மழை பெய்ததா என்று முதலில் எழுதுங்கள். அப்புறம் பூச்சிகள். ஒன்றும் வராத இரவையும் தேதி போட்டு எழுதுங்கள். படம் எடுத்து முடித்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள் தம்பி. விடிய விடிய எரியவிட்டால் காலையில் நீங்களும் முறம் எடுக்க வேண்டியிருக்கும்.