இங்கிலாந்தில் மனைவியுடன் இரண்டு நாள் தனியாகப் போய்வர, கூட்டமில்லாத பழைய கடற்கரை ஊர் எது?

சால்ட்பர்ன். வட யார்க்ஷயர் கரையில், மிடில்ஸ்பரோவுக்குக் கிழக்கே, ரயில் பாதை முடிந்துபோகும் இடத்தில் இருக்கிறது. டார்லிங்டனில் இறங்கி உள்ளூர் ரயில் பிடித்து, கடைசி நிறுத்தம் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

பதில் இவ்வளவுதான். ஆனால் கேள்விக்கு அடியில், "விக்டோரியா காலத்து ஊராக இருந்தால் மனைவிக்குப் பிடிக்கும், வீட்டில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அதனால் வெகுநாள் தங்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்லிவிடுவேன். இரண்டு படுக்கையறை. ஆறு மாத விசாவில் பெரியவர்கள் ஓர் அறையில், குழந்தைகள் இன்னோர் அறையில், நீங்கள் இருவரும் ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டுக்கொண்டு. பேச வேண்டியதை எல்லாம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசுகிறீர்கள். சரிதானே?

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கிளப்பிவிட்டவரே என் மாமியார்தான். "பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் இரண்டு பேரும் எங்காவது போய்விட்டு வாருங்கள் கண்ணு" என்றார். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பெண்மணி, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "பெரியவர்களை ஆயா வேலைக்கு வைத்துவிட்டு ஹனிமூனா?" என்று கேட்டார். அவரைப் போல எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சாம்பார் வைத்து, மாவு அரைத்து, மாமாவின் சர்க்கரை மாத்திரைகளை நாள் வாரியாக டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பேரப்பிள்ளைகளோடு இரண்டு நாள் தனியாக இருப்பது அவர்களுக்குத் தண்டனை என்று யார் சொன்னது? நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் எங்களைத் தேடியதாகவே தெரியவில்லை.

லண்டன்காரர்கள் கூட்டமாகப் போகும் தெற்குக் கடற்கரை ஊரான பிரைட்டன் போகலாமா என்று வேறு கேட்டிருக்கிறீர்கள். போகலாம், லண்டன் முழுவதும் உங்களோடு வரும். சால்ட்பர்ன் அப்படியில்லை. அது பிறந்த விதமே வேறு. 1850-களின் கடைசியில் ஹென்றி பீஸ் என்ற ரயில்வே முதலாளி பக்கத்து ஊரான மார்ஸ்கில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கடலோரமாக நடக்கப் போனவர் இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் கழித்துத் திரும்பினாராம். ஏன் என்று கேட்டதற்கு, குன்றில் உட்கார்ந்திருந்தேன், எதிரே செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஓர் ஊர் எழுவதைக் கண்டேன் என்றாராம். நம் வீட்டு ஆண்கள் தாமதமாக வந்து சொல்லும் எந்தக் காரணமும் இதற்கு ஈடாகாது. 1861-இல் ரயிலே வந்துவிட்டது. 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதையை ஓடவைத்த குடும்பம் அல்லவா, அவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. மதுவை விலக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்பதால் ஊருக்குள் பப் கூடாது என்றும் வைத்திருந்தார்கள். இன்று பப்கள் வந்துவிட்டன. இருந்தாலும் ஊர் குரல் உயர்த்திப் பேசுவதில்லை.

ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து கடல் பக்கம் நடந்தால், வெளிர் மஞ்சள் செங்கல்லில் ஒரு பெரிய மாளிகை நிற்கும். 1863-இல் திறந்த ஜெட்லண்ட் ஓட்டல் அது. பணக்கார விருந்தாளிகள் மழையில் நனையாமல் இறங்குவதற்கென்றே ரயிலை ஓட்டலின் பின்வாசல் வரை கொண்டுபோயிருந்தார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகிவிட்டது. பக்கத்துத் தெருக்களுக்கு ரத்தினங்களின் பெயர்கள்: ரூபி, எமரால்டு, பேர்ல், டயமண்ட். டயமண்ட் தெருப் பலகையின் கீழே என்னை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, வாங்கிக் கொடுத்த கணக்கில் எழுதிக்கொள் என்றார் என் கணவர். எழுதிக்கொள்ளவில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். காதல் வசனம் பேசத் தெரியாது. பூங்கொத்து வாங்கிவரச் சொன்னால் தள்ளுபடியில் எது இருக்கிறது என்று பார்ப்பார். அந்த மனிதர் சால்ட்பர்னில் முழுதாக மயங்கிப்போனார், என்னிடம் அல்ல, அங்கிருக்கும் லிஃப்டிடம்.

ஊர் மேலே, கடற்கரை 120 அடி கீழே. இரண்டையும் இணைக்க 1884-இல் போட்ட சரிவு லிஃப்ட் இன்றும் ஓடுகிறது. பிரிட்டனில் தண்ணீரின் எடையால் ஓடுகிறவற்றில், இன்னும் வேலை செய்யும் மிகப் பழையது இதுதான். இரண்டு பெட்டிகள், ஒரே கம்பி வடத்தின் இரு முனைகளில், கிணற்று ராட்டினத்தில் இரட்டை வாளி கட்டியதுபோல. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள். கீழே நிற்பதைவிட அது கனத்ததும் தானாக இறங்கும், இறங்கும்போதே மற்றதை மேலே இழுக்கும். அடிவாரத்துக்கு வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, பம்ப் வைத்து மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். மனிதர்கள் போட வேண்டியது பிரேக் மட்டும்.

உள்ளே உட்கார்ந்தால் ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. சிவப்பும் நீலமும் அவர் சட்டையில் விழுந்து, பெட்டி அசைய அசைய நகர்ந்துகொண்டிருந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. காலுக்கடியில் தண்ணீர் ஏறும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கியதும், "இன்னொரு முறை போகலாமா?" என்றார். போனோம். மேலே வந்ததும், பம்ப் எங்கே இருக்கும், எத்தனை குதிரைத்திறன் இருக்கும் என்று தொடங்கினார். முதலில் எரிவாயு எஞ்சின் இறைத்ததாம், மின்சார மோட்டார் பிறகு வந்ததாம். எல்லாம் டிக்கெட் கொடுப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்கு அந்த விவரம் எதுவும் தேவையில்லை. ஆனால் வேலை, வீட்டுக் கடன், விசா புதுப்பிப்பு தவிர வேறொன்றைப் பற்றி அந்த முகம் அப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று! கல்யாணமான புதிதில் அவினாசி சாலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தொழிற்சாலை மதிலுக்கு வெளியிலிருந்தே எந்த இயந்திரம் ஓடுகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிக்காட்டிய ஆள் இவர். "இதுவா காதல் பயணம்?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மெழுகுவர்த்தி வைத்த மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து செல்பேசி பார்க்கும் தம்பதிகளை நானும் நிறையப் பார்த்துவிட்டேன்.

லிஃப்ட் இறக்கிவிடும் இடத்துக்கு நேர் எதிரே, கடலுக்குள் நீண்டு பாதியில் முடியும் நடைபாலம். 1869-இல் திறந்தபோது 1500 அடி நீளம். புயல்கள் கடித்தன, 1924-இல் ஒரு கப்பல் மோதி நடுவில் ஓட்டை போட்டது, 1974-இல் முனையைக் கடல் கொண்டுபோனது. மிச்சம் 681 அடி. யார்க்ஷயரில் எஞ்சியிருக்கும் ஒரே உல்லாசப் பாலம். அதில் ராட்டினம் கிடையாது. மரப்பலகை இடுக்கில் அலை தெரியும். நடந்து முனைக்குப் போய், திரும்பி வர வேண்டியதுதான். கைப்பிடிக் கம்பிகளில் கம்பளி நூலால் பின்னிய சின்னச் சின்னப் பொம்மைகள் கட்டியிருந்தன. இரவோடு இரவாக யாரோ வந்து கட்டிவிட்டுப் போவார்கள், பெயர் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். 2012 ஒலிம்பிக் சமயத்தில் விளையாட்டு வீரர்களையே பின்னித் தொங்கவிட்டிருந்தார்களாம்.

தங்குவதற்குக் காலை உணவோடு கூடிய சிறு விடுதியாகப் பாருங்கள். சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் வீடு மலிவு என்று நினைப்பீர்கள். அதில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். முன்பு வேறோர் ஊரில் அப்படி எடுத்துத் தங்கினோம். ஒரு வேளை ரசம் வைத்தேன். கடுகும் பெருங்காயமும் தாளித்தேன். வேறொன்றும் செய்யவில்லை. அடுப்பைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்து, "கறி வாசனையைப் போக்கச் சிறப்புச் சுத்தம்" என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். அதே வீட்டில் எங்களுக்கு முன் தங்கியவர்கள் பன்றி இறைச்சி வறுத்த புகை திரைச்சீலையில் அப்படியே இருந்ததே, அதற்கு யாரிடம் பிடித்தார்? கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. "வெளிநாட்டில் அனுசரித்துத்தான் போக வேண்டும்" என்று யாராவது கீழே எழுதினால், தயவுசெய்து வேண்டாம். வரியும் கட்டி அனுசரிக்கவும் செய்கிறோம், முன்பணத்தையும் ஏன் விட வேண்டும்?

சரி, சாப்பாடு. கடற்கரையில் மீனும் சிப்ஸும் வாங்கி, வினிகர் தெளித்து, மதில் மேல் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடற்காகங்கள் கையிலிருந்தே பறிக்கும், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருங்கள். அந்தப் பக்கத்துச் சிறப்பு பார்மோ: தட்டிய கோழி இறைச்சியை ரொட்டித்தூளில் பொரித்து, மேலே வெள்ளை சாஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுடுவது. ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்தாலும் மிஞ்சும். காரம் தேவைப்பட்டால் பையில் இட்லிப்பொடி வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருந்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை.

மனைவிக்கு நடக்கப் பிடிக்கும் என்றால், கிழக்குப் பக்கம் ஷிப் இன் என்ற பழைய பப் இருக்கிறது. பீஸ் ஊர் கட்டுவதற்கு முன்பே கள்ளக் கடத்தலுக்குப் பேர்போன இடம். அதன் பின்னாலிருந்து கிளீவ்லண்ட் வே பாதை ஹன்ட்கிளிஃப் பாறை மேல் ஏறும், 365 அடி. காற்று ஆளைத் தள்ளும், சேலையெல்லாம் வேண்டாம். பாறைக்கு அடியில் கடலோரமாக நடக்க ஆசைப்பட்டால், கடல் ஏறி இறங்கும் ஓத நேரம் பார்க்காமல் போகாதீர்கள். தண்ணீர் ஏறினால் வழி அடைபட்டுவிடும். கடலில் இறங்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஆகஸ்டிலும் கால் மரத்துப்போகும். அலைச்சறுக்குப் பையன்கள் தடித்த ரப்பர் உடை போட்டுக்கொண்டு இறங்குவார்கள், அவர்களை வேடிக்கை பாருங்கள்.

லிஃப்ட் குளிர்காலத்தில் ஓடாது. பராமரிப்புக்காகவும் அவ்வப்போது நிறுத்துவார்கள். தேதி முடிவு செய்யும் முன் விசாரித்துவிடுங்கள்.

குழந்தைகளையும் கூட்டிப்போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பள்ளத்தாக்குத் தோட்டத்தில் குட்டி ரயில்கூட ஓடுகிறது, அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது வேறு கேள்வி. தனியாகக் கேளுங்கள், பதில் எழுதுகிறேன். இந்த முறை அவர்களைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள்.