ஒத்திப்போட்ட ஆசைகள்: கேள்வி பதில்

கேள்வி (ஸ்ரீவைகுண்டம், இல்லத்தரசி): அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதன் பிறகு எதையும் கழிக்க மனம் வராமல், பரணும் அரங்கு வீடும் (பொருள் வைக்கும் உள்ளறை) நிரம்பிவிட்டன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அம்மா, உங்கள் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதைக் கண்ட நம் பக்கத்தவர்களுக்கு ஒரு தூக்குவாளியைக்கூட விட்டுக்கொடுக்க மனம் வராதுதான். ஆனால் அன்று தப்பியவை பெரும்பாலும் உயரத்தில் இருந்தவை அல்லவா? ஆகவே பரண் என்பது ஆண்டுக்கொரு முறைகூட அடுப்பேறாத சருவம், குத்துப்போணி போன்ற பெரிய பாத்திரங்களுக்கு உரிய இடமன்று. நிலப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு வைப்பதற்கும், தண்ணீர் ஏறும் நேரத்தில் அரிசி மூட்டையைத் தூக்கி வைப்பதற்கும் காலியாக இருக்க வேண்டிய இடம். எனவே முதல் ஞாயிற்றுக்கிழமை காகிதங்களை மட்டும் பாருங்கள். பத்திரம் நனைந்து கெட்டிருந்தால், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த வாரம் பாத்திரங்கள். பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களைக் கழிப்பதே எல்லோருக்கும் கடினம். கொடுத்தவர் ஒருவருக்கு ஒன்று என வைத்துக்கொண்டு அதை அன்றாடம் புழங்குங்கள். என் தாயாரின் பித்தளைச் செம்புகளில் ஒன்று தினமும் என் கையில் இருக்கிறது. மற்றவற்றை எடைக்குப் போட்ட பிறகுதான் அந்த ஒன்றைத் துலக்கவே தொடங்கினேன். புகைப்படங்களைக் கடைசிக்கு வையுங்கள். அவற்றைப் பிரித்தால் அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடும்.

கேள்வி (பாளையங்கோட்டை, தனியார் நிறுவன ஊழியர்): ஆண்டுத் தொடக்கத்தில் 40 குறிக்கோள்களை எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: தம்பி, அந்த 21 நாள் கணக்கை நம்பி மனம் தளர வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். நாற்பதில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் இந்த வாரம் செய்யவேண்டிய ஒரே வேலையை எழுதுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம், வயது 58): காசிக்குப் போக ஆசை, அண்ணாச்சி. ஆனால் தனியாகத் திருநெல்வேலிக்குக்கூடப் போனதில்லை.

பதில்: காசியைத் தள்ளிவைக்காதீர்கள், அதற்கு முன் சில படிகளை வையுங்கள். முதலில் உங்கள் ஊர் நிலையத்திலேயே ரயில் ஏறி, தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குச் சென்று அன்றே திரும்புங்கள். அடுத்து திருநெல்வேலியில் வண்டி மாறி, ஏறத்தாழ 61 கி.மீ. தொலைவிலுள்ள திருச்செந்தூருக்குச் செல்லுங்கள். பிறகு ஆழ்வார்திருநகரியில் ஓர் இரவு தங்கி நவதிருப்பதிகளில் சிலவற்றைத் தரிசியுங்கள். பயணச்சீட்டு எடுப்பது, தங்குமிடம் விசாரிப்பது, தனியே உண்பது ஆகிய மூன்றும் பழகிவிட்டால் காசிக்குத் தேவையானது பணமும் துணிமணியும்தான்.

கேள்வி (சேரன்மாதேவி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): இந்த வயதில் வட்டெழுத்துப் படிக்கக் கற்கலாமா?

பதில்: ஐயா, உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? 11-ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி இங்கே வேரூன்றும் வரை பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் பரவலாக வழங்கிய எழுத்து அது. உங்கள் பகுதிப் பழைய கோயில் சுவர்களிலேயே இருக்கிறது. நான் 57 வயதில் தொடங்கினேன். எழுத்து வடிவங்களை எழுதிப் பழகச் சில வாரங்களே ஆயின. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லாததாலும், எகர ஏகாரங்களுக்குள் வேறுபாடு தெரியாததாலும், சொல்லைப் பொருள்கொண்டுதான் பிரிக்கவேண்டும் என்பதே கடினம். தமிழாசிரியருக்கு அதில் பாதி கைவந்த கலை. ஆனால் சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்க முயலாதீர்கள். மாலைச் சாய்வெயிலில் எழுத்தின் நிழலே வாசிக்க உதவும்.

கேள்வி (ஏரல்): நீங்கள் இன்னும் முடிக்காத ஆசை உண்டா, அண்ணாச்சி?

பதில்: உண்டு. தாமிரபரணியோடு நடப்பது. பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகக் காடு என்பதால் அங்கிருந்து கீழ்நோக்கித் தொடங்கி, ஒவ்வொரு தை மாதமும் சில நாட்கள் நடந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை வந்திருக்கிறேன். அடுத்த தையில் உங்கள் ஊர் வழியாக, ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் போகவேண்டும்.