மாநகரசபையிடம் ஆவணம் கேட்பது எப்படி? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உள்ளூராட்சி அலுவலகங்களின் ஆவண அறைகளில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாநகரசபையிடம் தகவல் கோருவது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

உவர்மலை வாசகர்: எங்கள் ஒழுங்கையில் போட்ட கொங்கிறீட் வீதி முதல் மாரிக்கே வெடித்துவிட்டது. "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று தகவல் கோரினேன். "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. இந்தச் சட்டத்தால் என்ன பயன்?

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் எழுதியது முறைப்பாடு. தகவல் கோரிக்கை அல்ல. பகிரங்க அதிகாரசபையின், அதாவது மாநகரசபை போன்ற பொது நிறுவனத்தின், உடைமையிலோ பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலைப் பெறவே சட்டம் உரிமை தருகிறது. "ஏன்" என்ற கேள்விக்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது; "எவ்வளவு", "எப்போது", "யார் கையொப்பமிட்டார்" என்பவற்றுக்கு இருக்கும்.

ஆகவே வீதியின் பெயரையும் வேலை நடந்த ஆண்டையும் குறிப்பிட்டு, வேலை மதிப்பீடு, விலைமனுக்களை ஒப்பிட்ட அறிக்கை, ஒப்பந்தம், அளவீட்டுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், கொடுப்பனவு வவுச்சர்கள், ஒப்பந்தகாரரிடம் பிடித்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டிருந்தால் அந்தத் திகதி ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். இவற்றுள் ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால், நான் அளவீட்டுப் புத்தகத்தைத்தான் கேட்பேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் எழுதிக் கையொப்பமிடும் இடம் அது. பணம் கொடுக்கப்படுவதும் அந்த எண்களின்படியே. புத்தகத்தில் தடிப்பு 100 மில்லிமீற்றர் என்றிருக்க, வெடித்த ஓரத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார்க்கையில் 60 தான் வருகிறது என்றால், அந்தப் பக்கத்தையும் அடிமட்டத்துடன் எடுத்த படத்தையும் இணைத்து அனுப்பும் முறைப்பாட்டை ஒரு வரிப் பதிலால் முடித்துவிட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளூர் நிதியில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட வேலைத்திட்டம் பற்றிய தகவலை, அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி அறிவித்த பிரதியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வாசகி: நானும் மாநகரசபையிடம்தானே கேட்க வேண்டும்?

இல்லை அம்மா. உப்புவெளி, திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச சபையின் எல்லைக்குள் வருகிறது. ஐயமிருந்தால் வீட்டுச் சோலைவரிப் பற்றுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் எந்தச் சபையின் பெயர் உள்ளதோ அதுவே உங்கள் சபை. குழாய்நீர் பற்றியதென்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும், பிரதான நெடுஞ்சாலை பற்றியதென்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும் கேட்க வேண்டும்.

மட்டிக்களி வாசகர்: என் தாயாருக்கு எழுத வராது. அலுவலகத்தில் "இது எதற்கு உங்களுக்கு?" என்று கேட்டதும் பயந்து திரும்பிவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. காரணம் கூற வேண்டியதில்லை என்பது 24ஆம் பிரிவிலேயே உள்ளது. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் இடுவது, இத்தகைய கோரிக்கைகளைக் கையாளும் தகவல் அலுவலரின் கடமை. கோரிக்கையைத் தமிழில் தரலாம். பதிலைத் தமிழில் வேண்டுவதாக அதிலேயே குறிப்பிடலாம். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள் தம்பி. தகவல் அலுவலரின் பெயரும், மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரின் பெயரும் அலுவலகத்தில் எல்லோரும் காணும் இடத்தில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டி, "இவரைச் சந்திக்க வந்தோம்" என்று சொன்னால் போதும்.

திருக்கடலூர் வாசகர்: கடிதம் கொடுத்து ஒரு மாதமாகிறது. பதிலே இல்லை.

கையளித்ததற்கான எழுத்துமூல ஒப்புகை உங்களிடம் உள்ளதா? அதைக் கையோடு தர வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. நான் ஒருமுறை, தெரிந்த அலுவலகம்தானே என்ற நம்பிக்கையில் ஒப்புகை பெறாமல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மேன்முறையீட்டுக்குப் போனபோது "அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை" என்றார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பிரதியில் திகதி முத்திரை இல்லாமல் நான் எந்த அலுவலகப் படியையும் விட்டு இறங்கியதில்லை. நேரில் போக முடியாதபோது பதிவுத் தபாலில்தான் அனுப்புகிறேன்.

தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால், கட்டணம் செலுத்தியதிலிருந்து, கட்டணம் இல்லையெனில் தீர்மானித்ததிலிருந்து, 14 நாட்களுக்குள் தகவல் கையில் கிடைக்க வேண்டும். தகவல் மிக அதிகமாக இருந்தால் மேலும் 21 நாட்கள்வரை நீடிக்கலாம். அதையும் காரணத்துடன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓர் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பற்றிய தகவலாயின் 48 மணித்தியாலங்கள் மட்டுமே.

காலக்கெடு தவறுவதே மேன்முறையீட்டுக்குப் போதிய காரணம். 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுதுங்கள். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு தர வேண்டும். அதிலும் நிறைவில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கே மறுப்பு சரியானது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சபையினுடையது, உங்களுடையது அல்ல.

லிங்கநகர் வாசகி: எவ்வளவு செலவாகும்?

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பிரதிகளுக்கு மட்டும் ஆணைக்குழு விதித்த சிறு தொகை அறவிடப்படும்.

அன்புவழிபுரம் வாசகர்: பக்கத்துக் காணியில் மதிலோடு ஒட்டி மாடி எழுகிறது. அந்தக் கட்டடத்தின் அனுமதிப் பத்திரத்தை நான் கேட்கலாமா?

கேட்கலாம். அனுமதி வழங்குவது சபையின் பொதுப் பணி; எனவே அனுமதி உள்ளதா, எத்தனை மாடிக்கு, எல்லையிலிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பவற்றை மறைக்க நியாயமான காரணம் இருப்பதாக நான் கருதவில்லை. அயலவரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி போன்றவற்றை மறைத்துவிட்டு எஞ்சியதைத் தருமாறு நீங்களே எழுதிவிடுங்கள். பகுதி பிரித்துத் தர 6ஆம் பிரிவில் இடமுண்டு. அயலவர் இரகசியமாகக் கொடுத்த தகவல் ஏதும் அதில் இருந்தால், சபை முதலில் அவரிடம் கருத்துக் கேட்கும். ஆகவே நீங்கள் கேட்டது அவருக்குத் தெரியவரலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சல்லி வாசகர்: "கோப்பைக் காணவில்லை" என்கிறார்கள்.

அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். சட்டம் வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகளும், பின்னர் உருவாகும் பதிவுகளை 12 ஆண்டுகளும் பேண வேண்டும். கோரிக்கை விடுக்கப்பட்ட தகவலை அழிப்பதோ மறைப்பதோ 50,000 ரூபா வரையான தண்டமோ இரண்டு ஆண்டுகள் வரையான சிறையோ இரண்டுமோ விதிக்கப்படக்கூடிய குற்றம். அலுவலகங்களில் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குப் போகையில், எடுத்தவர் அசைவுப் பதிவேட்டில் ஒப்பமிடுவது வழக்கம். கோப்பு இல்லையென்றால், அந்தக் கோப்பு இலக்கம் கடைசியாகப் பதியப்பட்ட பக்கத்தின் பிரதியைக் கேட்டு நாளையே புதிய விண்ணப்பம் கொடுங்கள்.