ஆசாரியர் காலில் கயிறு கட்டினார்களா? யோம் கிப்பூர் கேள்வி-பதில்

கேள்வி: இயேசுவை யோம் கிப்பூர் அன்றுதானே சிலுவையில் அறைந்தார்கள்?

இல்லை, பஸ்காவில். அது யூத நாள்காட்டியில் முதல் மாதம், யூதர்களின் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் ஏழாம் மாதம் 10-ம் தேதி, நடுவில் ஏறக்குறைய ஆறு மாதம். நான்கு சுவிசேஷமும் பஸ்கா என்றே சொல்கின்றன, எழுதும் முன் ஒன்றையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: யூதர்கள் இன்றும் அந்த நாளில் ஆட்டைப் பலியிடுகிறார்களா?

கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்ததோடு அது நின்றுவிட்டது. இப்போது சுமார் 25 மணி நேரம் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத உபவாசம், நாள் முழுக்க ஜெபம், பிற்பகலில் யோனா புத்தகம். அதற்கு முன்பே, தாங்கள் நோகடித்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்பார்கள். சக மனிதனுக்குச் செய்த குற்றம், அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளால் தீராது என்கிறது யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. மத்தேயு 5:23-24-ஐப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: பிரதான ஆசாரியர் அன்று மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளே செத்துவிட்டால் வெளியே இழுக்க, காலில் கயிறு கட்டுவார்களாமே? மணிச்சத்தம் நின்றால் இழுப்பார்களாம். எந்த வசனம்?

எந்த வசனமும் இல்லை. பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. வேதத்தில் இல்லை, மிஷ்னாவில் இல்லை, அதன் விளக்கமான தல்மூதில் இல்லை. இதைப் போல ஒன்று வருவது 13-ம் நூற்றாண்டில் வெளிவந்த சோஹார் என்ற யூத மறைஞான நூலில், அதாவது ஆலயம் போய் 1,200 வருஷம் கழித்து. அப்புறம் அந்த மணி: யாத்திராகமம் 28-ல் மணி இருப்பது அங்கியின் ஓரத்தில், ஆனால் லேவியராகமம் 16:4-ன்படி அன்று உள்ளே போகும்போது அவர் போடுவது வெறும் சணல்நூல் உடை, மணியே கிடையாது! மகிமையான உடையைக் கழற்றிவிட்டு எளிய உடையில் ஜனங்களுக்காக உள்ளே போகிறார், கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? அதை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். லேவியராகமம் 16 மொத்தமே 34 வசனம், முழுசாகப் படியுங்கள்.

கேள்வி: போக்காடு கிறிஸ்துவா, சாத்தானா?

லேவியராகமம் 16-ல், வனாந்தரத்துக்கு அனுப்பப்படும் ஆட்டைப் பற்றி, தமிழில் "போக்காடு" என்று இருக்கும் இடத்தில் மூலத்தில் வரும் "அசாசேல்" என்ற எபிரெய வார்த்தைக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதே அதிகாரத்தின் 5-ம் வசனம் இரண்டு கடாக்களையும் சேர்த்துத்தான் பாவநிவாரணபலி என்கிறது. ஒன்றின் இரத்தம் உள்ளே போகிறது, மற்றொன்று பாவத்தைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகிறது. இரண்டுமே கிறிஸ்துவின் ஒரே வேலையைக் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு. திரும்பவும் சொல்கிறேன், அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள்.

கேள்வி: நாமும் அன்று உபவாசம் இருக்கலாமா?

இருக்கலாம், கட்டாயமில்லை (கொலோசெயர் 2:16). பாவம் தீரும் என்று நினைத்து மட்டும் இருக்காதீர்கள், அது ஒரேதரம் முடிந்துவிட்டது என்பதுதானே எபிரெயர் 9.

கேள்வி: அப்போஸ்தலர் 27:9-ல் வரும் "உபவாசநாள்" எது?

இதே நாள்தான். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும். அதற்கப்புறம் மத்தியதரைக் கடலில் கப்பல் விடுவது ஆபத்து, அதனால்தான் பவுல் எச்சரித்தார்.